சமூக ஊடகமும் இளையோர் மனநலமும்: பர்கூர் - ஓசூர் வட்டாரம்

சமூக ஊடகம் இளையோரின் மனநலத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பது கடந்த பதினைந்து ஆண்டுகளாக மருத்துவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் பேசிவரும் பொருளாகும். முகநூல், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், யூடியூப் முதலியவை இங்கே சமூக ஊடகம் எனப்படுகின்றன. இளையோர் என்பது ஏறக்குறைய 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களைக் குறிக்கும். கல்லூரியில் படிப்போர், தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தோர், வேலை தேடுவோர், அண்மையில் மணமானோர் ஆகியோர் இவ்வயதினர். பள்ளிப் பிள்ளைகளும் கைப்பேசியும் என்பது பற்றி எழுதப்பட்டது மிகுதி. இந்த வயதினரைப் பற்றிய எழுத்து குறைவு. "சம்பாதிக்கிற பிள்ளை, அவனுக்கு நாம் என்ன சொல்வது" என்று விட்டுவிடுவதே பெரும்பாலான வீடுகளில் வழக்கம்.

பாதிப்பு என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்கிறான்?" என்பது. அந்தக் கணக்கு முக்கியமானதுதான், ஆனால் அது பாதிக் கணக்கு. எந்த நேரத்தில் பார்க்கிறார், எதைக் கைவிட்டுப் பார்க்கிறார், அதில் ஓர் இடர் வந்தால் வீட்டில் சொல்ல முடிகிறதா என்பவை மீதிப் பாதி. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தொழில் வட்டாரத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால் இது தெளிவாக விளங்கும்.

வட்டாரமும் இளையோரும்

பர்கூர் கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தொலைவில், சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ளது. (மாட்டினத்துக்குப் பெயர் பெற்ற பர்கூர் ஈரோடு மாவட்டத்தின் அந்தியூர் மலைப்பகுதியில் உள்ளது, அது வேறு.) ஜவுளி வணிகத்தால் இவ்வூரைச் சிலர் குட்டி சூரத் என்பார்கள். கிரானைட் பட்டறைகளும் சிப்காட் வளாகமும் இங்கு உண்டு. அரசு பொறியியல் கல்லூரி 1994-இல் தொடங்கப்பட்டது. மேற்கே ஓசூர் வரை ஏறக்குறைய 65 கிலோமீட்டர். ஓசூருக்கு அப்பால் ஜூஜூவாடி, அதைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி, பிறகு பொம்மசந்திராவும் எலக்ட்ரானிக் சிட்டியும்.

இந்தச் சாலையில் நாள்தோறும் ஓடும் கம்பெனி பஸ்களில் இருப்போர் பெரும்பாலும் இளையோரே. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், வேலையிடத்தில் கன்னடம், கடைத்தெருவில் உருது என்று நான்கு மொழிகளுக்கிடையே வளர்ந்தவர்கள் இவர்கள். இவர்களோடு பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களில் இருந்து வந்து விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கியிருப்போரும் உள்ளனர். மின்னணுப் பொருள், காலணி, ஆடைத் தொழிற்சாலைகளில் பெண்களின் எண்ணிக்கை பெரிது. அவர்களுள் பலருக்குத் தம் பெயரில் வங்கிக் கணக்கும் தம் கையில் சொந்தக் கைப்பேசியும் வந்தது முதல் சம்பளத்துக்குப் பிறகுதான். அதனால் அந்தக் கைப்பேசி அவர்களுக்கு வெறும் பொழுதுபோக்குக் கருவியாக இல்லை.

கைப்பேசி வந்த விதம்

தருமபுரியில் இருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9 அன்று. அதற்கு ஐந்து நாள் முன்னர், பிப்ரவரி 4 அன்று, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முகநூல் தொடங்கப்பட்டது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் மாவட்டம் பிறந்த ஆண்டில் பிறந்த குழந்தைகள் இன்று கல்லூரி முடித்து வேலைக்குச் செல்கிறார்கள். சமூக ஊடகம் இல்லாத உலகம் ஒன்று இருந்தது என்பது அவர்களுக்குக் கேள்விச் செய்தி மட்டுமே.

வட்டாரத்தில் உண்மையான திருப்பம் 2016-இல் நேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, ஜியோ தன் சேவையைத் தொடங்கிச் சில மாதங்களுக்கு இணையத்தை இலவசமாக வழங்கியது. அதன்பின் எல்லா நிறுவனங்களும் விலையைக் குறைத்தன. அதுவரை எண்ணி எண்ணிச் செலவிட்ட டேட்டா, நாளுக்கு ஒரு ஜிபி, ஒன்றரை ஜிபி எனத் தீர்க்கவேண்டிய பொருளாயிற்று. அடுத்த திருப்பம் 2020. ஊரடங்கில் வகுப்புகள் கைப்பேசிக்கு மாறின. அதே ஆண்டு ஜூன் 29 அன்று டிக்டாக் செயலியை மத்திய அரசு தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸ் என்னும் குறும்படப் பகுதியைக் கொண்டுவந்தது. தடையால் குறும்படப் பழக்கம் குறையவில்லை, வேறு செயலிக்குக் குடிபெயர்ந்தது.

உறக்கம்

சமூக ஊடகத்தால் மனநலத்துக்கு வரும் கேடுகளுள் மிக எளிதாகக் காணக்கூடியதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் உறக்கக் குறைவே. போதிய உறக்கம் இல்லாதவருக்கு மனச்சோர்வும் பதற்றமும் எரிச்சலும் வருவது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த செய்தி. இளைஞர் ஒருவர் கவலையாக இருக்கிறார் என்றால், அவர் எப்போது தூங்குகிறார் என்பதை முதலில் கேட்பது நல்லது.

ஷிப்டு முறையில் வேலை செய்வோருக்கு இச்சிக்கல் இரட்டிப்பாகும். இரவு ஷிப்டு முடிந்து காலையில் அறைக்குத் திரும்பும் ஒருவரின் உடல், வெளிச்சத்தைக் கண்டு விழிக்கவேண்டிய நேரம் என்று எண்ணுகிறது. உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பு குறைகிறது. அந்நேரத்தில் கண்ணுக்கு அருகே பிடித்த திரையும் வெளிச்சம்தான். ஆனால் வெளிச்சத்தைவிட நேரமே பெரிய திருடன். "பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் தூங்கலாம்" என்று எடுத்தவர் நிமிர்ந்து பார்க்கையில் ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். செயலியின் அமைப்பே அதற்கானது. பக்கத்துக்கு முடிவு என்று ஒன்று இல்லை. கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். அடுத்து வருவது சிரிப்பாக இருக்குமா, சலிப்பாக இருக்குமா என்பது தெரியாது. சூதாட்டத்தில் எப்போதாவது விழும் வெற்றி ஒருவரை எழவிடாமல் உட்கார வைப்பது போலவே இதுவும் வேலை செய்கிறது.

இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. நாள் முழுவதும் மேற்பார்வையாளர் சொற்படி நின்று வேலை செய்தவருக்கு, பலர் தங்கும் விடுதி அறையில் தனக்கென்று இருக்கும் ஒரே இடம் அந்தச் சிறிய திரை. சீனாவின் இளம் தொழிலாளர்களிடையே இதற்குப் "பழிவாங்கும் இரவு விழிப்பு" என்று பொருள்படும் பெயர் உண்டு. பகலில் தனக்குக் கிடைக்காத நேரத்தை இரவிடம் இருந்து பிடுங்கிக்கொள்வது என்பது பொருள். ஓசூர் விடுதியில் கம்பளிக்குள் ஒளிரும் திரைக்கும் அப்பெயர் பொருந்தும். இவ்வாறு விழிப்போரைச் சோம்பேறி என்றோ ஒழுக்கமற்றவர் என்றோ திட்டுவதால் பயன் இல்லை. திட்டு வாங்கியவரும் அன்றிரவு விழித்தே இருப்பார்.

செய்யத்தக்கது சிறியதே. கைப்பேசியைத் தலையணை அருகே வைக்காமல் கை எட்டாத இடத்தில் மின்னூட்டுவது, எழுப்புவதற்குத் தனியாக ஓர் அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்வது, ஷிப்டு மாறும் வாரங்களிலாவது தூங்கும் நேரத்தை முன்கூட்டி முடிவு செய்வது ஆகிய மூன்றும் செலவில்லாதவை அல்லது சொற்பச் செலவுடையவை.

ஒப்பீடு

மனிதர் தம்மைத் தாமே அளப்பதற்குப் பிறரை அளவுகோலாகக் கொள்கின்றனர் என்று அமெரிக்க உளவியலாளர் லியோன் பெஸ்டிங்கர் 1954-இல் விளக்கினார். அளவுகோல் எந்நாளும் இருந்தது. முன்பு அது பக்கத்து வீட்டுப் பிள்ளை, அத்தை மகன், வகுப்பில் முதல் பெஞ்சில் இருந்தவன். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணும் தெரியும். அவன் அப்பாவின் கடனும் தெரியும். இன்றைய அளவுகோலுக்குக் கடன் தெரிவதில்லை. பெங்களூருவில் வேலை கிடைத்தவரின் பணி ஆணைப் படம், புது வண்டியின் முன் நிற்கும் படம், திருமணத்துக்கு முன் மலையில் எடுத்த படம் ஆகியவை மட்டுமே திரையில் வருகின்றன. அந்த வண்டியின் மாதத் தவணை வருவதில்லை.

பர்கூர் போன்ற ஊர்களில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இது கூர்மையாகக் குத்துகிறது. நான்கு அரியரோடு கல்லூரியை விட்டு வந்தவர், உடன்படித்தவரின் பதிவை ஒவ்வொரு நாளும் பார்க்கிறார். பொறியியல் படித்துவிட்டு உற்பத்தி வரிசையில் நிற்பவர் தன் சீருடைப் படத்தை எங்கும் போடுவதில்லை. வீட்டுக்கு அனுப்பும் பணத்தால் தங்கையின் படிப்பு நடக்கிறது என்பதற்கு எந்தச் செயலியிலும் விருப்பக்குறி கிடைப்பதில்லை. தோற்றம் பற்றிய தாழ்வு மனப்பான்மையும் இதைப் போன்றதே. முகத்தை வெளுப்பாக்கி, மெலிவாக்கிக் காட்டும் வடிகட்டிகளில் தன்னைப் பார்த்துப் பழகியவர்க்குக் கண்ணாடி பிடிக்காமல் போகிறது. இன்ஸ்டாகிராமை நடத்தும் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் 2021-இல் பிரான்சிஸ் ஹௌகன் என்ற முன்னாள் ஊழியர் மூலம் வெளிவந்தன. தங்கள் உடலைப் பற்றி மனம் வருந்திய பதின்வயதுப் பெண்களில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அவ்வருத்தத்தை மேலும் கூட்டியதாகக் கூறினர் என்பது அவற்றுள் ஒன்று.

ஜவுளித் தொழிலில் இன்னொரு புதுமை நேர்ந்துள்ளது. கடைகள் பலவும் சரக்கை யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் காட்டி விற்கின்றன. புடவையை விரித்துக் காட்டிப் பேசுவது கடை ஊழியரான இளம்பெண்ணின் வேலையாகிறது. விற்பனைக்கு அது நல்லது. ஆனால் அதன் கீழே வரும் கருத்துகளில் புடவையைப் பற்றியவை சில. அவரைப் பற்றியவை பல. சம்பளத்தில் இதற்கென்று எதுவும் சேர்க்கப்படுவதில்லை.

படமும் மிரட்டலும்

மேலே கூறியவை மெல்ல அரிப்பவை. ஒரே நாளில் ஒருவரை நிலைகுலையச் செய்வது படத்தைக் கொண்டு மிரட்டுதல். பெண்ணின் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டிப் பரப்புவது, நம்பிக் கொடுத்த படத்தைப் பிரிவுக்குப் பின் வெளியிடுவேன் என்பது, போலிக் கணக்கில் நட்பாகிப் பின் பணம் கேட்பது என இது பல வடிவம் எடுக்கும். ஆண்களும் தப்புவதில்லை. அறிமுகமில்லாத எண்ணில் இருந்து வரும் காணொளி அழைப்பைப் பதிவு செய்து மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் உள்ளன. உடனடிக் கடன் செயலிகள் கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களை அள்ளிக்கொண்டு, தவணை தவறியவரின் ஒட்டுப் படங்களை உறவினருக்கும் உடன் வேலை செய்வோருக்கும் அனுப்பிய கொடுமை நாடெங்கும் நடந்தது. அதன் பின்னரே, 2022 செப்டம்பரில், கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படக்கோப்புகளையும் எடுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி நெறிமுறை வகுத்தது.

2016 ஜூன் மாதம் சேலம் மாவட்டத்தில் நடந்தது தமிழகத்தையே உலுக்கியது. இளம்பெண் ஒருவரின் முகத்தை ஒட்டிய படங்கள் முகநூலில் ஏற்றப்பட்டன. குடும்பத்தினர் காவல்துறையில் புகார் அளித்தனர். படங்களை நீக்க நாள்கள் கடந்தன. புகாரைக் கவனிக்கக் காவலர் ஒருவர் கைப்பேசியை லஞ்சமாகப் பெற்றது பின்னர் வெளியாயிற்று. அதற்குள் அப்பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். தான் யாருக்கும் படம் அனுப்பவில்லை என்பதை வீட்டாரே நம்பவில்லையே என்ற வேதனை அவருக்கு இருந்ததாக அன்றைய செய்திகள் கூறின.

அந்தக் கடைசிச் செய்திதான் இக்கட்டுரைப் பொருளின் மையம். மிரட்டுபவனின் உண்மையான ஆயுதம் படம் ஆகாது. "வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்" என்ற அச்சமே அவன் ஆயுதம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் குழந்தைத் திருமணம் இன்னும் தீராத சிக்கலாக இருப்பதை யாவரும் அறிவர். இங்குள்ள பல குடும்பங்களில் பெண்ணின் கைப்பேசியில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்து நடப்பவை முன்கூட்டியே தெரிந்தவை: கைப்பேசி பிடுங்கப்படும், கல்லூரியோ வேலையோ நிறுத்தப்படும், அவசரமாக மாப்பிள்ளை பார்க்கப்படும். குற்றம் செய்தவன் எங்கோ இருப்பான், தண்டனை இவளுக்கு. இதை அந்தப் பெண்ணும் அறிவாள், மிரட்டுபவனும் அறிவான். எனவே அவள் வாய் திறப்பதில்லை. பணம் கேட்டால் கொடுக்கிறாள். மேலும் படம் கேட்டால் அதையும் அனுப்புகிறாள்.

பெற்றோர் கைப்பேசியைப் பிடுங்குவது கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை. பிள்ளைமேல் உள்ள அக்கறையாலும் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சியுமே நடக்கிறது. ஆயினும் அதன் விளைவு, இடர் வந்தால் வீட்டில் சொல்லக்கூடாது என்ற பாடத்தைப் பிள்ளை கற்பதுதான். இன்னொரு நடைமுறைக் கேடும் உண்டு. பதற்றத்தில் கைப்பேசியை உடைத்தாலோ கணக்கை அழித்தாலோ, மிரட்டல் செய்திகள், எண், நேரம் என்று புகாருக்குத் தேவையான சான்றுகள் எல்லாம் போய்விடும்.

கூட்டமாகச் சேர்ந்து பழிப்பதும் உயிரைக் குடிக்கும். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் தகரக் கூரையில் விழுந்து தொங்கிய கைக்குழந்தையை அக்கம்பக்கத்தினர் மீட்ட காணொளி நாடெங்கும் பரவியது. குழந்தை பிழைத்தது. ஆனால் தாயைப் பொறுப்பற்றவள் என்று முகம் தெரியாதோர் ஆயிரக்கணக்கில் எழுதினர். மனச்சோர்வுக்கு ஆளான அந்தத் தாய் அடுத்த மாதம் உயிரை இழந்தார். எழுதியவர்களில் ஒருவரும் தாம் ஓர் உயிரோடு விளையாடுவதாக எண்ணியிருக்கமாட்டார்.

எல்லையும் வதந்தியும்

பிற ஊர்களுக்கு இல்லாத ஒரு கூடுதல் சுமை எல்லைப்புற இளையோருக்கு உண்டு. தனி மனிதர் மேல் விழும் பழிப்பு போலவே, ஒரு மொழியினர் மேல் விழும் பழிப்பும் கைப்பேசி வழியே வருகிறது. வேலைக்கு எல்லை தாண்டுவோரை அது நேராகத் தாக்கும்.

காவிரியில் தண்ணீர் திறக்கக் கர்நாடகத்துக்கு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2016 செப்டம்பர் 5 அன்று. ஜியோ தொடங்கிய அதே நாள். இரண்டாம் வாரத்தில், கன்னட நடிகர்களைக் கேலி செய்து முகநூலில் பதிவிட்டதாகக் கூறித் தமிழ் இளைஞர் ஒருவரைப் பெங்களூருவில் சிலர் தாக்கினர். தாக்கியதைப் படம் பிடித்தும் பரப்பினர். அதைப் பார்த்து ஆத்திரமுற்றோர் தமிழ்நாட்டில் கர்நாடக ஓட்டுநர்களைத் தாக்கினர். அந்தக் காணொளி அங்கே போயிற்று. செப்டம்பர் 12 அன்று பெங்களூருவில் தமிழகப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் எரிந்தன. நகரின் பல பகுதிகளில் ஊரடங்கு போடப்பட்டது. பஸ்கள் எல்லையில் நின்றன. மக்கள் மூட்டை முடிச்சுகளோடு அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே நடந்தே கடந்தனர். வாகன எண் தட்டைப் பார்த்து அஞ்சியதும், பொது இடத்தில் தமிழில் பேசத் தயங்கியதும் அந்நாள்களில் பெங்களூருவில் வேலை செய்த பலருக்கு மறவாத நினைவு.

இதே அச்சத்தை வேறு மாநிலத்தவர் இங்கும் அங்கும் அனுபவித்துள்ளனர். 2012 ஆகஸ்டில் தாக்குதல் நடக்கப்போகிறது என்ற குறுஞ்செய்தி வதந்தியால் வடகிழக்கு மாநில இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் பெங்களூரு ரயில் நிலையத்தில் திரண்டு ஊர் திரும்பினர். மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகளை நாளுக்கு ஐந்து என்று மத்திய அரசு கட்டுப்படுத்த நேர்ந்தது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. வேறு இடங்களில் வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகளின் படங்கள் அவை. தமிழகக் காவல்துறை மறுத்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. அதற்குள் பல இளைஞர்கள் ஊருக்கு ரயில் ஏறிவிட்டனர். அவர்களைப் பயமுறுத்தியது இங்குள்ள அண்டை வீட்டார் இல்லை. ஊரில் இருந்து அழுதபடி அழைத்த தாயார். அவருக்கு அந்தக் காணொளி வாட்ஸ்அப்பில் வந்திருந்தது.

அதே வாட்ஸ்அப்தான் அந்தத் தாயை ஒவ்வொரு இரவும் மகனின் முகத்தைப் பார்க்க வைப்பதும். புலம்பெயர்ந்த தொழிலாளிக்குக் காணொளி அழைப்பு தரும் ஆறுதலைக் கணக்கில் சேர்க்காமல் கேட்டை மட்டும் எழுதுவது நேர்மையாகாது. தேர்வுக்குப் படிக்கும் குழுக்கள், இரத்தம் தேடும் செய்திகள், இசையோ நாட்டுப்புறக் கலையோ தெரிந்த கிராமத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் மேடை ஆகியவையும் இதே ஊடகத்தின் கொடைதான்.

ஆய்வுகள் கூறுவன

உலக அளவில் ஆய்வாளர் ஒரே குரலில் பேசவில்லை. 2019-இல் ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ பிரிசில்ஸ்கி இருவரும் பெரிய கணக்கெடுப்புகளை ஆராய்ந்து, பதின்வயதினரின் மனநல வேறுபாட்டில் மின்னணுக் கருவிப் பயன்பாடு விளக்குவது 0.4 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்றனர். பேனைப் பெருமாளாக்க வேண்டாம் என்போர் இதை எடுத்துக்காட்டுவர். மறுபக்கம், முகநூல் 2004 முதல் அமெரிக்கக் கல்லூரிகளில் ஒவ்வொன்றாக நுழைந்ததை வைத்து பிராகியேரி முதலிய மூவர் 2022-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். முகநூல் வந்த கல்லூரிகளில் மாணவரின் மனச்சோர்வு கூடியதாகவும், பிறரோடு ஒப்பிட்டுக்கொள்வதே அதற்கு முதன்மைக் காரணமாகத் தோன்றுவதாகவும் அவர்கள் கண்டனர். நம் பொருளுக்கு இதுவே நெருக்கமானது. ஏனெனில் இது கல்லூரி வயதினரைப் பற்றியது.

குறைத்தால் பயன் உண்டா என்பதற்கும் விடை உள்ளது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவரைக் கொண்டு 2018-இல் வெளியான ஆய்வில், மூன்று செயலிகளுக்கும் நாளுக்குப் பத்துப் பத்து நிமிடம் என்று மூன்று வாரம் குறைத்துக்கொண்டவர்களிடம் தனிமையுணர்வும் மனச்சோர்வும் தணிந்தன. முற்றிலும் நிறுத்தாமல் குறைத்ததே பயன் தந்தது என்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலராக இருந்த விவேக் மூர்த்தி 2023 மே மாதம் வெளியிட்ட அறிவுரையில், நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருக்கும் பதின்வயதினருக்கு மனநலச் சிக்கல் வரும் வாய்ப்பு இருமடங்கு என்று எச்சரித்தார். அவருடைய குடும்பம் மண்டியா மாவட்டத்தின் ஹல்லேகெரே என்ற சிற்றூரைச் சேர்ந்தது; காவிரிக்கரை மாவட்டம்தான் அதுவும்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கணினி விளையாட்டு அடிமைத்தனம் இடம்பெற்றுள்ளது. சமூக ஊடக அடிமைத்தனம் என்று தனி நோய் இல்லை. ஆகவே மகன் ரீல்ஸ் பார்க்கிறான் என்பதற்காக அவனை நோயாளி என்று முத்திரை குத்தக்கூடாது. மருத்துவர்கள் பார்ப்பது வேறு: தீராத நாட்டம் இருக்கிறதா, நிறுத்த எண்ணியும் முடியாமல் போகிறதா, கவலையை மறக்க அது ஒன்றே வழியாகிவிட்டதா, படிப்பும் வேலையும் உறவும் கெட்ட பின்னும் தொடர்கிறதா என்பவை. பல நேரங்களில் கைப்பேசி காரணமாக இல்லாமல் அறிகுறியாக இருக்கும். ஏற்கெனவே மனச்சோர்வில் உள்ளவர் ஒளிந்துகொள்ளும் இடம் அது. அதைப் பிடுங்கினால் நோய் போகாது.

உதவி கிடைக்கும் இடங்கள்

படத்தைக் கொண்டு மிரட்டப்படுவோர் முதலில் செய்யவேண்டியது சான்றுகளைக் காப்பது: செய்திகள், எண், கணக்கின் பெயர் ஆகியவற்றைத் திரைப்பிடிப்பாக எடுத்து வைக்கவேண்டும். பணம் கொடுத்தால் மிரட்டல் நிற்காது. தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும், பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணிலும் புகார் செய்யலாம். பெண்களுக்கு 181 என்ற உதவி எண்ணும் உண்டு. தனிப்பட்ட உடற்படம் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் அளித்தால் நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் கட்டாயமாக்கின. சேலத்தில் அந்தப் பெண்ணுக்கு இல்லாத வசதி இது.

மனம் தாளாதபோது பேச, டெலிமானஸ் என்னும் அரசு மனநலச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். இருபது மொழிகளில் பேச ஏற்பாடு இருப்பதால் வீட்டு மொழி தெலுங்கானாலும் கன்னடமானாலும் உருதானாலும், அறைத்தோழர் இந்தி பேசுபவரானாலும் தடையில்லை. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும், சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் 044-24640050 என்ற எண்ணும் உள்ளன. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக நடத்துவார்கள் என்ற அச்சம் இன்னும் பல ஊர்களில் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளவேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது. சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது.

நேரில் காண்பதற்குக் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பர்கூருக்கு மிக அருகில் உள்ளது. கைப்பேசிப் பழக்கம் கைமீறியவர்களுக்கெனத் தனிச் சிகிச்சை வேண்டுமானால் பெங்களூரு நிமான்ஸ் நிறுவனத்தில் 2014-இல் தொடங்கப்பட்ட ஷட் கிளினிக் உள்ளது. தொழில்நுட்பத்தை நலமாகப் பயன்படுத்துவதற்கான சேவை என்பது அதன் பெயரின் பொருள். மருத்துவ உளவியலாளர் மனோஜ் குமார் சர்மா அதை நடத்திவருகிறார். நாட்டில் இத்தகைய கிளினிக்குகளில் முதலாவதாக அது அறியப்படுகிறது. நிமான்ஸ் இருப்பது பெங்களூருவின் ஓசூர் சாலையில். பர்கூரில் இருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். கம்பெனி பஸ்கள் போகும் அதே வழி. ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாமல், இடைவெளி விட்டுக் குறைக்கவும், விட்டுப்போன விளையாட்டையும் நட்பையும் மீட்கவும் அங்கு பயிற்றுவிக்கின்றனர். முதல் முறை செல்வோர் வீட்டில் ஒருவரையாவது உடன் அழைத்துச் செல்வது நல்லது. சிகிச்சையில் ஆலோசனை வந்தவரோடு முடிவதில்லை, வீட்டாரிடமும் பேசுவார்கள்.